வெயில், பூ: கரிசல் நிலத் திரைப்படங்களில் நிறைவு தராத முடிவுகள்

நிறைவு தராத முடிவு என்பது, ஒரு கதை தன் போக்கில் எழுப்பிய முதன்மையான சிக்கலைத் தீர்க்காமலோ, அல்லது அச்சிக்கலுக்கு வெளியே உள்ள ஒரு நிகழ்வைக் கொண்டு மூடியோ முடிவதைக் குறிக்கும். சிறுவர் அல்லது இளையோர் வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் வளர்பருவத் திரைப்படங்களில், குறிப்பாகப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான மோதலை மையமாகக் கொண்டவற்றில், இத்தகைய முடிவுகள் அதிகம் காணப்படுகின்றன. தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளாக விருதுநகர், சிவகாசி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட வெயில் (2006), பூ (2008) ஆகிய இரு படங்களைக் கூறலாம். ஒரே நிலத்திலிருந்து, இரண்டாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு படங்களும் பார்வையாளரை நிறைவின்றியே அனுப்புகின்றன. ஆனால் அந்த நிறைவின்மையின் தன்மை இரண்டிலும் ஒன்றல்ல.

வரையறை

வளர்பருவக் கதையின் அடிப்படை அமைப்பு எளிமையானது. பிள்ளை ஒன்று வீட்டின் அதிகாரத்துக்குள் இருக்கிறது. ஒரு நிகழ்வு அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அதன்பின் பிள்ளை தனக்கான இடத்தைத் தேடுகிறது. இக்கதை இரு கேள்விகளை எழுப்புகிறது. பிள்ளை என்னவாக ஆயிற்று என்பது முதல் கேள்வி. வீடு அப்பிள்ளையை எப்படி ஏற்றுக்கொண்டது, அல்லது ஏற்க மறுத்தது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லி இரண்டாவதை விட்டுவிடும்போது பார்வையாளர் குறையை உணர்கிறார்.

இங்கு இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சோகமான முடிவு. சோக முடிவு நிறைவு தரக்கூடியதே. பாத்திரத்தின் செயலிலிருந்தே அழிவு விளையும்போது பார்வையாளர் வருந்தினாலும் கதை முழுமை பெற்றதாகவே உணர்வார். மற்றொன்று, நிறைவு தராத முடிவு. இதில் வருத்தம் இருக்கலாம், மகிழ்ச்சியும் இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அப்படியே நிற்கும். எல்லோரும் சிரித்தபடி நிற்கும் கடைசிக் காட்சியும் நிறைவு தராததாக இருக்க இயலும்.

'சுபம்' என்னும் மரபு

பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றின் இறுதியில் 'சுபம்' அல்லது 'வணக்கம்' என்ற சொல் திரையில் தோன்றும். இது நாடக மேடையிலிருந்தும் கதாகாலட்சேபத்திலிருந்தும் வந்த மங்கல முடிவு மரபின் தொடர்ச்சியாகும். குடும்பப் படங்களில் பிரிந்தவர் கூடுவதும், தவறு செய்தவர் திருந்துவதும், எல்லோரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்பதும் வழக்கமாயின. குடும்பம் பிளவுபடலாம், ஆனால் படம் முடியும்போது அது ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

1970களின் இறுதியில் இம்மரபு தளர்ந்தது. மகேந்திரன் இயக்கிய முள்ளும் மலரும் (1978) படத்தில் தங்கை அண்ணனிடம் திரும்பி வருகிறாள். அண்ணன் திருமணத்துக்குச் சம்மதிக்கிறான். ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறான். கூடுதல் நிகழ்கிறது, மனமாற்றம் நிகழவில்லை. அவரே இயக்கிய உதிரிப்பூக்கள் (1979) படத்தில் கொடியவனான தந்தை ஊராரால் ஆற்றில் இறங்கி உயிர்விடச் செய்யப்படுகிறான். இரு குழந்தைகள் கரையில் நிற்கின்றன. தண்டனை நிறைவேறிவிட்டது. குழந்தைகளின் நாளை என்ன என்பதற்கு விடை இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த பாலு மகேந்திராவின் அழியாத கோலங்கள், மூன்று சிறுவர்களின் விடலைப் பருவத்தை விளையாட்டும் குறுகுறுப்புமாகச் சொல்லிக்கொண்டு போய், அவர்களில் ஒருவன் நீரில் மூழ்கி இறப்பதில் முடிகிறது.

விருதுநகர், சிவகாசி வட்டாரப் பின்னணி

கரிசல் மண், குறைந்த மழை, மானாவாரி வேளாண்மை ஆகியவை இவ்வட்டாரத்தின் இயல்புகள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, சிவகாசியில் தீப்பெட்டியும், அதைத் தொடர்ந்து பட்டாசும், அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இவ்வளர்ச்சியால் 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் ஊருக்கு ஏற்பட்டது. வறண்ட காலநிலை பட்டாசுத் தொழிலுக்குச் சாதகமானது. வேளாண்மைக்குப் பகையான அதே வெயிலே ஆலைகளுக்குத் துணையாயிற்று.

இத்தொழில்களில் நெடுங்காலம் சிறுவர் உழைப்பு பயன்படுத்தப்பட்டது. விடியுமுன் கிராமங்களுக்கு வரும் வண்டிகளில் ஏறி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் சிறுவர்களைச் சலம் பென்னூர்கர் குட்டி ஜப்பானின் குழந்தைகள் (1990) என்ற ஆவணப்படத்தில் பதிவு செய்தார். எழுத்தாளர் பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பில் இதே பொருளைக் கொண்டு கருவேலம்பூக்கள் படத்தை இயக்கினார். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசி குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு மாற்று வேலை தர அரசு முயல வேண்டும் என்றும் கூறியது.

இத்தீர்ப்பின் பிற்பகுதி திரைப்படங்களைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. பிள்ளையை வேலைக்கு அனுப்பும் பெற்றோரைக் கொடியவராகக் காட்டி, அவர் திருந்துவதோடு கதையை முடிப்பது எளிது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் மோதலின் வேர் கூலியிலும் மழையிலும் கடனிலும் இருக்கும்போது, தந்தையின் மனமாற்றம் மட்டும் சிக்கலைத் தீர்ப்பதில்லை. இந்நிலத்தைப் பற்றிய கதைகளில் 'சுபம்' ஒட்டாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

வெயில் (2006)

விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் ஆல்பம் (2002) படத்துக்குப் பின் இயக்கிய இரண்டாவது படம் வெயில். இயக்குநர் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரித்தது. ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைப்பாளராக அறிமுகமான படமும் இதுவே. பசுபதி, பரத், பாவனா, ஸ்ரேயா ரெட்டி, பிரியங்கா நாயர், ஜி.எம். குமார் ஆகியோர் நடித்தனர். 2006ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதை இப்படம் பெற்றது.

*கதை*

முருகேசன் சினிமாப் பைத்தியமான சிறுவன். பள்ளிக்குப் போகாமல் எம்.ஜி.ஆர். படம் பார்க்கச் சென்று தந்தையிடம் பிடிபடுகிறான். தந்தை அவனை அடித்து, ஆடையின்றிச் சுடும் வெயிலில் கட்டிப்போடுகிறார். அந்த அவமானம் தாங்காமல் முருகேசன் வீட்டை விட்டு ஓடுகிறான். ஒரு திரையரங்கில் படம் ஓட்டுபவரிடம் அடைக்கலமாகி, அத்தொழிலைக் கற்று அங்கேயே வளர்கிறான். அவன் காதலித்த தங்கம் தற்கொலை செய்துகொள்கிறாள். எல்லாவற்றையும் இழந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகிறான். தம்பி கதிர் விருதுநகரில் விளம்பர நிறுவனம் நடத்திவருகிறான். தாயும் தம்பியும் முருகேசனைத் தழுவிக்கொள்கின்றனர். தந்தை ஏற்க மறுக்கிறார். தொழில் பகையால் கதிரின் உயிருக்கு ஆபத்து வருகிறது. தம்பியைக் காக்கும் முயற்சியில் முருகேசன் உயிர்விடுகிறான்.

*முடிவைப் பற்றிய மதிப்பீடு*

படத்தின் முதல் பாதி ஒரு குறிப்பிட்ட கேள்வியை எழுப்புகிறது: ஒரு தந்தை மகனுக்கு இழைத்த அவமானத்துக்கு யார் பொறுப்பேற்பது? வெயிலில் கட்டப்பட்ட சிறுவனின் உடல்தான் படத்தின் மையப் படிமம். திரும்பி வந்த மகன் எதிர்பார்ப்பது பணமோ சொத்தோ அல்ல. இந்த வீட்டில் தனக்கும் இடம் உண்டு என்று தந்தை வாயால் வரும் ஒரு சொல்லே அவனுக்கு வேண்டும்.

ஆனால் படத்தின் இறுதி, தம்பியின் தொழில் பகைவர்களிடம் போய்ச் சேர்கிறது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே தொடங்கிய கதை, அக்குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களின் அரிவாளால் முடிக்கப்படுகிறது. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, தந்தை விடை சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடுகிறார். உயிரோடு இருக்கும் மகனை ஏற்பது கடினம். அவனோடு தினமும் ஒரே கூரைக்குக் கீழ் சாப்பிட வேண்டும், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். இறந்த மகனுக்காக அழுவதற்கு அந்தச் சங்கடம் இல்லை. இரண்டாவது, முருகேசன் தன் மதிப்பை உயிரைக் கொடுத்து நிறுவ வேண்டியதாகிறது. தோற்றுப்போன ஒருவனுக்கும் வீட்டில் இடம் உண்டா என்பதே படம் கேட்ட கேள்வி. தியாகம் செய்தவனுக்கு இடம் உண்டு என்பது அதற்கான விடை அல்ல.

இதற்கு மாறான வாசிப்பும் உண்டு. வீட்டை விட்டு ஓடிய சிறுவனுக்கு வளர்ச்சியே நிகழவில்லை. அவன் மனம் அந்த வெயிலிலேயே நின்றுவிட்டது. ஊர் திரும்பியும் வாழ்க்கை அவனுக்குத் தொடங்காது என்பதே படத்தின் கூற்று எனக் கொண்டால், மரணம் பொருந்துகிறது. அவனுடைய காலம் கடந்துவிட்டது என்பதைப் படம் தொடக்கம் முதலே உணர்த்திவருகிறது. எனினும் அந்த மரணத்தைச் சண்டைக் காட்சியின் வழியாகக் கொண்டுவந்தது, அதுவரை இருந்த படத்தின் நிதானத்துக்கு ஒவ்வாமல் நிற்கிறது.

பூ (2008)

சசி இயக்கிய பூ, எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்ற சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்ச்செல்வன் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மாரி என்ற முதன்மைப் பாத்திரத்தில் நடித்த பார்வதிக்கு இதுவே முதல் தமிழ்ப்படம். ஸ்ரீகாந்த் தங்கராசுவாக நடித்தார். எஸ்.எஸ். குமரன் இசையமைத்தார்.

*கதை*

மாரி சிறுமியாக இருந்த நாள் முதல் மாமன் மகன் தங்கராசுவை விரும்புகிறாள். பெரியவளானதும் என்ன ஆவாய் என்று பள்ளியில் கேட்டால், தங்கராசுவின் மனைவியாவேன் என்பதே அவள் விடை. அவள் பட்டாசு ஆலையில் வேலை செய்து வளர்கிறாள்; அவன் பட்டணத்தில் பொறியியல் படிக்கிறான். தங்கராசுவின் தந்தை பேனாக்காரர், மகன் படித்து உயர்வதையே வாழ்நாள் கனவாகக் கொண்டவர். இறுதியில் தங்கராசு வசதியான வீட்டுப் பெண்ணை மணக்கிறான். மாரிக்கு அன்பான கணவன் அமைகிறான். திருவிழாவுக்கு ஊர் வரும் மாரி, தங்கராசுவின் இல்வாழ்க்கை நன்றாக இல்லை என்பதை அறிந்து கதறி அழுகிறாள்.

*சிறுகதையும் படமும்*

சிறுகதை, மணமான பெண் உச்சி வெயிலில் பிறந்த ஊருக்கு வந்து நிற்பதில் தொடங்கி, அவள் மனம் உடைவதில் முடிகிறது. படம் அந்த ஒரு நாளுக்கு முன்னே ஒரு முழு வளர்பருவத்தைச் சேர்க்கிறது. பள்ளி, ஆலை, தோழி, ஊர், கருவேலங்காடு ஆகியவை வழியே மாரியின் ஆசை எப்படி அவளோடு சேர்ந்து வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது. ஆயினும் முடிவைப் படம் மாற்றவில்லை.

*முடிவைப் பற்றிய மதிப்பீடு*

பூ படத்தில் வில்லன் இல்லை. மாரியின் கணவன் நல்லவன். பேனாக்காரரும் கெட்டவர் அல்லர். மகனின் நன்மைக்கு என்று நினைத்தே செய்தார். யாரும் சாகவில்லை. வழக்கமான கணக்கில் பார்த்தால் மாரிக்கு நல்ல வாழ்வு அமைந்துவிட்டது. படம் அங்கேயே முடிந்திருக்கலாம்.

மாரி தனக்குக் கிடைக்காததற்காக அழவில்லை. தான் விட்டுக்கொடுத்ததால் அவனாவது நன்றாக இருப்பான் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை பொய்த்ததற்காக அழுகிறாள். அருகில் கணவன் காரணம் புரியாமல் நிற்கிறான். அவனிடம் அவள் காரணத்தைச் சொல்லவும் இயலாது. பார்வையாளருக்கு மட்டுமே அது தெரியும்.

இந்த முடிவும் நிறைவு தருவதில்லை. ஆனால் இது கதையின் உள்ளிருந்தே வருகிறது. குடும்பங்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுகள் பிள்ளைகளின் வாழ்வில் என்ன செய்தன என்பதே படம் எழுப்பிய கேள்வி. அவ்வழுகை அதற்கு நேரான விடையாக அமைகிறது. தீர்வுதான் இல்லை.

வெக்கையும் அசுரனும்

இதே கரிசல் பகுதியைச் சேர்ந்த பூமணியின் வெக்கை (1982) நாவலும், அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய அசுரன் (2019) படமும் முடிவு மாற்றப்படுவதன் விளைவைக் காட்டும். பழிக்குப் பழியாகக் கொலை செய்த பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம், தந்தையோடு காடுகளில் மறைந்து திரிவதே நாவல். இருவரும் நீதிமன்றத்தில் சரணடையப் போவதோடு நாவல் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் என்ன என்பதைப் பூமணி சொல்லவில்லை.

படத்தில் தந்தையின் இளமைக்காலக் கதை விரிவாகச் சேர்க்கப்பட்டு, மோதல் பெரிதாக்கப்பட்டது. இறுதியில், நிலத்தையும் பணத்தையும் பிறர் பறித்துக்கொள்ளலாம், படிப்பைப் பறிக்க முடியாது என்ற கருத்தைத் தந்தை மகனுக்குச் சொல்கிறார். திரையரங்கில் பெரும் வரவேற்பைப் பெற்ற இடம் இது. நாவல் வாசகரிடம் விட்டுச்சென்ற இடத்தைப் படம் ஒரு அறிவுரையால் நிரப்புகிறது. நிறைவு கூடுகிறது, அதே சமயம், கையில் கொலையோடு நிற்கும் ஒரு சிறுவனுக்கு இனி எந்தப் பள்ளி என்ற கேள்வி மங்கிவிடுகிறது.

பிற தமிழ்ப் படங்கள்

* கன்னத்தில் முத்தமிட்டால் (2002): வளர்ப்பு மகளான அமுதா, பெற்ற தாயைத் தேடி இலங்கை செல்கிறாள். தாயைச் சந்திக்கிறாள், ஆனால் தாய் உடன்வர மறுத்துவிடுகிறாள். தேடல் முடிகிறது, ஏக்கம் முடிவதில்லை.
* பசங்க (2009): சிறுவர் பகையும் பெற்றோர் சண்டையும் இறுதியில் முழுமையாகத் தீர்ந்துவிடும் படம். விபத்தில் சிக்கிய சிறுவன் நண்பர்களின் கைதட்டலால் கண்விழிக்கிறான். 'சுபம்' மரபின் புதிய வடிவம் எனலாம்.
* கூழாங்கல் (2021): குடிகாரத் தந்தையும் மகன் வேலுவும் சுடும் வெயிலில் நடந்து வீடு திரும்புகின்றனர். சண்டை தீர்ந்ததாகப் படம் சொல்லவில்லை. ஊற்றில் நீர் ஊறக் காத்திருக்கும் பெண்களின் காட்சியோடு முடிகிறது. வீட்டுச் சண்டையின் பின்னே நிலத்தின் வறட்சி இருப்பதை அது உணர்த்துகிறது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இப்படம் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது.
* வாழை (2024): வாழைத்தார் சுமக்கும் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குச் சென்ற சிறுவன் உயிர்தப்ப, அவன் அக்காளும் ஊராரும் லாரி விபத்தில் இறக்கின்றனர். தப்பியதே குற்றவுணர்வாக மாறும் முடிவு.
* கொட்டுக்காளி (2024): வாழை வெளியான அதே நாளில் வெளிவந்தது. மீனாவை என்ன செய்வது என்பதில் பாண்டி எடுக்கப்போகும் முடிவைச் சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. பார்வையாளரிடையே பெரும் விவாதத்தை எழுப்பிய முடிவு இது.

உலகத் திரைப்படங்களில்

விட்டோரியோ டி சிகாவின் சைக்கிள் திருடர்கள் (1948) படத்தில் திருட முயன்று பிடிபட்ட தந்தையின் கையை மகன் பற்றிக்கொண்டு கூட்டத்தில் கலக்கிறான். சைக்கிள் கிடைக்கவில்லை. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) மகளை இழந்த குடும்பம் மாட்டு வண்டியில் ஊரை விட்டுப் போவதில் முடிகிறது. பிரான்சுவா த்ரூஃபோவின் 400 அடிகள் (1959) படத்தில் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஓடிய சிறுவன் கடலை அடைந்து, திரும்பிக் கேமராவைப் பார்க்கும் கணத்தில் காட்சி உறைகிறது. இம்மூன்றிலும் தீர்வு இல்லை. ஆனால் படம் கேட்ட கேள்வியின் முன்னிலேயே மூன்றும் நிற்கின்றன; வேறொரு கதைக்கு விலகிச் செல்வதில்லை.

முடிவை மதிப்பிடும் முறை

ஒரு வளர்பருவப் படத்தின் முடிவைப் பற்றி எழுதவோ விவாதிக்கவோ முற்படும் மாணவர்கள் பின்வரும் கேள்விகளைப் பயன்படுத்தலாம்.

1. படத்தின் தொடக்கத்தில் மோதல் யார் யாருக்கு இடையே எழுந்தது? இறுதிக் காட்சியில் அவர்களே எதிரெதிரே நிற்கிறார்களா?
2. தவறு இழைத்தவர் அதை உணர்ந்து பொறுப்பேற்க வாய்ப்புத் தரப்பட்டதா? அல்லது மரணமோ விபத்தோ அவரைக் காப்பாற்றிவிட்டதா?
3. மோதலின் காரணம் மனித குணமா, வறுமையும் சாதியும் கூலியுமா? தீர்வு அந்தக் காரணத்தைத் தொடுகிறதா?
4. பிள்ளை தன் வளர்ச்சியைத் தன் முடிவால் அடைந்ததா, பெரியவர்கள் வழங்கியதால் பெற்றதா?

இக்கேள்விகளை இரு படங்களுக்கும் பொருத்தினால் வேறுபாடு தெளிவாகும். வெயில் முதல் இரு கேள்விகளில் தடுமாறுகிறது. அதன் இறுதி, தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. பூ அவ்விரு கேள்விகளையும் கடந்துவிடுகிறது. அதன் நிறைவின்மை மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறது. மாரியின் கண்ணீருக்குக் காரணமானவை எவையும் அந்த ஊரில் மாறவில்லை. முன்னது கதையமைப்பின் குறை. பின்னது வாழ்க்கையின் குறையைக் கதை மறைக்க மறுத்ததன் விளைவு.